சென்னாக்குன்னியும் முட்டையும்: அவற்றிலுள்ள ஆகாரச் சத்துக்கள்

நெற்சோற்றையே பிரதான ஆகாரமாகக் கொண்ட கிராமங்களில், வயிறு நிறைய உண்டும் தேகம் வளராத குழந்தைகளைக் காண்பது அரிதன்று. அரிசியில் 100 பங்கிற்கு 6 அல்லது 7 பங்கே தசையை வளர்க்கும் புரதமாகும்; அப்புரதத்திலும் லைசின் என்னும் முக்கியமான கூறு குறைவாயுள்ளது. இக்குறையைப் பருப்பும் பாலும் தீர்க்கக் கூடியவையே. ஆயினும் பசு வைத்திருப்போர் வீட்டிலுங்கூடப் பாலின் பெரும்பகுதி விற்பனைக்குச் சென்றுவிடுகிறது. இந்நிலையில், சந்தையில் கருவாட்டுக் கூடைகளுக்கு நடுவே கேட்பாரற்றுக் கிடக்கும் சென்னாக்குன்னி என்னும் சிற்றிறால் கருவாட்டையும், வீட்டுக் கோழி இடும் முட்டையையும் குறித்துக் கூட்டுறவு அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

உணவுப் பொருள்களின் சத்தை அளந்து பட்டியலிடும் வேலை இந்நாட்டில் குன்னூரிலிருந்த ஆராய்ச்சிச் சாலையில் முறையாக நடைபெற்றது. அங்குத் தலைவராயிருந்த அய்க்ராய்ட் என்பவர் 1937-ஆம் ஆண்டில் இந்திய உணவுகளின் சத்துப் பட்டியலை வெளியிட்டார். அச்சாலை பின்னர் ஹைதராபாத்திற்கு மாற்றப்பட்டது; பட்டியலும் பலமுறை திருத்தப்பெற்று வந்துள்ளது. பச்சை இறாலின் சதையில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 19 கிராம் புரதமும் 1 கிராம் கொழுப்பும் உள்ளன. மிகுதியில் பெரும்பாகம் நீரே. நன்கு உலர்ந்த சிற்றிறாலிலோ 100 கிராமுக்கு 68 கிராம் அளவு புரதம் காணப்படுகிறது. வெயில் புதிதாக ஒரு சத்தையும் உண்டாக்கிவிடவில்லை. நீரைப் போக்கிச் சத்தைச் சுருக்கி வைத்தது, அவ்வளவே.

இதிலிருந்து ஒரு கணக்குப் பிறக்கிறது. பெரிய இறால் ஒரு கிலோ வாங்கினால் தலையும் ஓடும் போகச் சுமார் அரைக் கிலோ சதையே தேறும். அதிலுள்ள புரதம் 95 கிராம் அளவினது. சென்னாக்குன்னியோ தலையும் ஓடும் உட்பட முழுவதும் உண்ணப்படுவது. ஆகவே 140 அல்லது 150 கிராம் சென்னாக்குன்னி, ஒரு கிலோ பச்சை இறால் தரும் புரதத்தைத் தந்துவிடும். அன்றன்று சந்தை விலையை விசாரித்து, 150 கிராமின் விலையையும் ஒரு கிலோ பச்சை இறாலின் விலையையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு, எது லாபமென்பது தானே விளங்கும். ஏழைகளின் பண்டமென்று இதனை இகழ்வோர் இக்கணக்கை ஒருமுறையேனும் போட்டுப் பார்க்கவேண்டும்.

வீட்டளவில் கூறுமிடத்து, 20 கிராம் சென்னாக்குன்னியில் ஏறக்குறைய 13 கிராம் புரதம் உண்டு. இரண்டு கோழி முட்டைகளிலோ, 400 மில்லி பசும்பாலிலோ உள்ள புரதமும் அவ்வளவே. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம் புரதம் வேண்டுமென்பதை நோக்கினால், இச்சிறு அளவு அற்பமன்று. எலும்புக்கும் பல்லுக்கும் வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் இதில் மிகுதி. அச்சத்தின் பெரும்பாகம் ஓட்டில் இருப்பதால், ஓட்டோடு உண்ணத்தக்க சிற்றிறாலுக்கே இச்சிறப்பு உரியது. எனினும் ஓட்டிலுள்ள சுண்ணாம்பு முழுவதையும் தேகம் ஏற்றுக்கொள்வதில்லை. ஓட்டின் நார்ப்பொருளும் ஜீரணமாகாமலே கழியும். ஆதலின் நன்றாக நொறுக்கியோ பொடித்தோ உண்பது தக்கது.

முட்டையில் புரதத்தின் அளவு குறைவாயினும் தன்மை மிக உயர்ந்தது. மஞ்சட்கருவில் கண்பார்வைக்கு அவசியமான ‘ஏ’ வைட்டமின் உள்ளது. உலர்ந்த இறாலில் அது மிகக் குறைவு. இவ்விதம் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புவதால், இரண்டையும் சேர்த்துச் சமைக்கும் கடற்கரைப் பெண்டிரின் வழக்கம் மெச்சத்தக்கது. இரத்தவிருத்திக்கு வேண்டிய ‘பி12’ வைட்டமின் இரண்டிலும் உண்டு. ‘சி’ வைட்டமின் முட்டையில் இல்லை, உலர்ந்த இறாலிலும் இல்லையென்றே கொள்ளலாம். அதற்காக எலுமிச்சஞ்சாறும் முருங்கைக்கீரையும் உடன் வேண்டும். பச்சை முட்டையை விழுங்கினால் பலம் வரும் என்று பல ஊர்களில் நம்புகின்றனர். வெந்த முட்டையின் புரதமே எளிதில் ஜீரணமாகும். பச்சை முட்டையால் நோய்க்கிருமிகள் உட்புகவும் இடமுண்டு.

பண்டத்தின் பெயரைக் கொண்டு சத்தை மதித்தல் ஆகாது என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவிலுள்ள சீன உணவு விடுதிகளில் ‘ஷ்ரிம்ப் எக் ரோல்’, அதாவது இறால் முட்டைச் சுருள், என்றொரு பலகாரம் விற்கின்றனர். கோதுமை மாவை மெல்லிய தகடாக்கி, முட்டைக்கோஸை நறுக்கி உள்ளே வைத்து, இறாலும் சிறிது சேர்த்துச் சுருட்டி, எண்ணெயில் முழுக்கிப் பொரித்தெடுப்பது அது. பெயரில் முன்நிற்கும் முட்டை பெரும்பாலும் மேல்மாவிற் கலந்த சிறிதளவே. சிலவற்றில் அதுவும் இல்லை. நிறுத்துப் பார்த்தால் மாவும் கோஸும் எண்ணெயுமே அதிகம். 10 கிராம் எண்ணெய் ஏறினால் 90 கலோரி கூடிவிடும். புரதம் ஒரு துளியும் கூடாது. நம் கடைத்தெருவில் இறாலை மாவில் தோய்த்துப் பொரிக்கும் பஜ்ஜிக்கும் இக்கணக்கே பொருந்தும்.

இனி, வாங்கும்போது கவனிக்க வேண்டியவை. கடற்கரை மணலில் பரப்பி உலர்த்திய சரக்கில் மணல் கலந்திருக்கும். ஈரம் மிஞ்சிய சரக்கில் நீருக்கும் சேர்த்து விலை கொடுக்க நேரும். கூட்டுறவுப் பண்டகசாலை நாகப்பட்டினம், கடலூர் போன்ற கடற்கரை ஊர்களினின்று மொத்தமாகத் தருவிப்பின், மூட்டைதோறும் 100 கிராம் எடுத்துச் சல்லடையிற் சலித்து, விழுந்த மணலை நிறுத்துக் குறித்துக்கொள்ளலாம். சலித்ததை ஒரு பகல் நல்ல வெயிலில் வைத்து மறுபடியும் நிறுத்தால், இழந்த ஈரத்தின் அளவும் தெரிந்துவிடும். 100 கிராமில் 10 கிராம் மணலும் 10 கிராம் மிகை ஈரமும் இருந்தால், கிலோவுக்குக் கொடுத்த பணத்தில் ஐந்திலொரு பங்கு வீணென்பது வெளிப்படை. கையில் அள்ளிப் பிசைந்தால் மொறமொறவென்று நொறுங்குவதே நல்ல சரக்கு. கருத்துப்போனதும், ஒட்டிக்கொள்வதும், மூக்கைத் துளைக்கும் நவச்சார நெடி வீசுவதும், பூஞ்சணம் படர்ந்ததும் எவ்வளவு மலிவாயினும் தள்ளத்தக்கவை. கழுவிச் சமைப்பதனால் பூஞ்சண விஷம் நீங்கிவிடாது.

சிலருக்கு இறால் உடம்புக்கு ஒவ்வாது. உண்டவுடன் தடிப்போ, உதட்டு வீக்கமோ, மூச்சுத் திணறலோ தோன்றினால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். பின்னர் அவர்கள் இதனை அறவே விலக்குதல் அவசியம். எவ்வளவு வேகவைத்தாலும் அவ்வொவ்வாமை மாறாது. ஊளைச்சதைக்காகவோ இருதய நோய்க்காகவோ வைத்தியரின் பத்தியத்தில் இருப்பவர்களும், கீல்வாதமுள்ளவர்களும் அளவை அவரிடமே கேட்டறிதல் தகும்.

சமைக்கும் முறை எளிது. சென்னாக்குன்னியை எண்ணெயின்றிச் சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்து, ஆறியபின் கையால் தேய்த்து முறத்திலிட்டுப் புடைத்தால் மீசையும் தூசியும் பறந்துவிடும். தலைகளையும் சேர்த்துப் புடைத்து எறிவது சுண்ணாம்புச் சத்தை எறிவதாகும். பின்பு அகன்ற பாத்திரத்து நீரில் இட்டு, மேலாகக் கையால் அரித்தெடுத்தால் அடியில் மணல் தங்கிவிடும். இரண்டு மூன்று நீர் மாற்றினாற் போதும். நெடுநேரம் ஊறவிடலாகாது. சிறிது எண்ணெயில் வெங்காயமும் முருங்கைக்கீரையும் வதக்கி, இதனைச் சேர்த்து, இறக்கும் தறுவாயில் முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறினால், நான்கு பேர் கொண்ட குடும்பத்திற்கு 50 கிராம் சென்னாக்குன்னியும் இரண்டு முட்டைகளும் ஒருவேளைக்குப் போதியவையாகும். சரக்கில் உப்பு ஏறியிருக்கக்கூடும். ஆகவே ருசி பார்த்த பிறகே உப்பிடல் வேண்டும். மீதியுள்ளதை இறுக மூடிய தகர டப்பாவில் வைத்து, மழைக்காலத்தில் வெயில் கண்ட நாளெல்லாம் ஒருமுறை உலர்த்தி எடுத்துக்கொள்வது நன்று.