சீனி வருத்த மாத்திரையும் வெறும் வயிறும்



வைத்தியர்கள் நீரிழிவு என்றும் நாம் சீனி வருத்தம் என்றும் சொல்லும் நோய் பட்டணத்துப் பணக்காரருக்கு மட்டும் உரியதல்ல. லயத்திலும் அது நுழைந்துவிட்டது. மலையேறி இறங்கி உழைக்கும் உடம்புக்கு இது வராது என்று நினைப்பதும் தவறு. கிளினிக்குக்குப் போய் மாத்திரை வாங்கி வருபவர்கள் நம் மத்தியில் பலர். ஆனால் மாத்திரை வாங்குவது பாதி வேலைதான். அதைச் சரியாகப் போடுவது மறுபாதி. நோயை அடக்கும் அதே மாத்திரை, போடும் முறை பிழைத்தால் ஆளையே விழுத்திவிடும். எனவே இம்முறை அதைப் பற்றிப் படிப்போம்.

இரண்டு மாத்திரை, இரண்டு வேலை

கிளினிக்கில் அதிகம் கொடுக்கப்படும் மாத்திரைகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று மெட்போர்மின், மற்றது கிளிக்லசைட். இரண்டும் சீனிக்குத்தான் என்றாலும் இரண்டின் வேலையும் ஒன்றல்ல.

நமது ஈரல் சீனியை உண்டாக்கி இரத்தத்தில் விடுகிறது. மெட்போர்மின் அதைக் குறைக்கிறது. உடம்பிலுள்ள இன்சுலின் நன்றாக வேலை செய்யவும் உதவுகிறது. இதை மட்டும் போடுபவருக்குச் சீனி அளவுக்கு மீறி இறங்குவது அபூர்வம்.

கிளிக்லசைட் அப்படியல்ல. இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்ற உறுப்பு இருக்கிறது. அதைத் தூண்டி இன்சுலினை வெளியே விடச் செய்வதே இந்த மாத்திரையின் வேலை. சாப்பிட்டவருக்கு அது நன்மை. சாப்பிடாதவருக்கோ, இரத்தத்தில் இருக்கும் கொஞ்சச் சீனியும் இறங்கிப் போகும். டொல்பியூட்டமைட், கிளிபென்கிளமைட் என்பவையும் இதே குடும்பத்து மாத்திரைகள்தான்.

இந்தக் குடும்பத்து மருந்து கண்டுபிடிக்கப்பட்ட கதையே நமக்கு ஒரு பாடம். 1942ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டின் மொன்பெலியே நகரில் மார்செல் ஜான்போன் என்ற வைத்தியர், நெருப்புக்காய்ச்சல் நோயாளருக்கு ஒரு புது மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். அது காய்ச்சலுக்காகக் கொடுத்த மருந்து. ஆனால் சிலருக்குச் சீனி இறங்கி வலிப்பும் வந்தது. அப்படித்தான் இந்த வகை மருந்து சீனியை இறக்கும் என்று தெரிய வந்தது. அதன் நன்மையும் ஆபத்தும் ஒரே நாளில் வெளிப்பட்டன என்றே சொல்லலாம்.

பெரட்டுக்குப் போகும் அவசரம்

நம் வீடுகளில் காலை நேரம் எப்படி என்று நமக்குத் தெரியும். பிள்ளைகளை எழுப்ப வேண்டும், சோறு கறி ஆக்க வேண்டும், பெரட்டுக்கு ஓட வேண்டும். "மாத்திரையைப் போட்டுட்டுப் போவோம், ரொட்டியை மலையில தின்னுக்கலாம்" என்று ஒரு வாய் சாயத்தண்ணியோடு விழுங்கிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. கிளிக்லசைட் போடுபவர் இப்படிச் செய்வது மிகவும் ஆபத்து. மாத்திரை தன் வேலையைத் தொடங்கிவிடும். மலை ஏறி இறங்கும் உழைப்பும் சீனியைக் குறைக்கும். ரொட்டியோ பைக்குள்ளேயே இருக்கும். கொழுந்து நிறையக் கிடைக்கும் நாளில் "இன்னும் கொஞ்சம் எடுத்துட்டுச் சாப்பிடலாம்" என்று நேரத்தைத் தள்ளிப்போட்டால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே சட்டம் இதுதான்: சாப்பாடு கைக்கு வந்த பிறகே இந்த மாத்திரை. சாப்பாட்டுக்குச் சற்று முன் போடும்படி வைத்தியர் சொல்லியிருந்தால், சாப்பாடு தயாராக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காலையில் சாப்பிடவே முடியாத வேலை என்றால் அதைக் கிளினிக்கில் வெட்கப்படாமல் சொல்லுங்கள். நம் வேலை நேரம் தெரிந்தால்தான் மாத்திரை நேரத்தை வைத்தியர் அதற்கேற்ப மாற்றிக் கொடுக்கலாம். விரதம் பிடிப்பவர்களும் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

மெட்போர்மினையும் சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்ட உடனே போடுவது நல்லது. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டல், வயிற்றோட்டம் வரக்கூடும். தொடக்கத்தில் வரும் இந்தத் தொல்லை பெரும்பாலும் சில கிழமைகளில் குறையும். குறையாவிட்டால் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். நாமே நிறுத்திவிடக் கூடாது.

சீனி இறங்கினால் என்ன நடக்கும்?

100 மில்லிலீற்றர் இரத்தத்தில் சீனி 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அது அளவுக்கு மீறிய இறக்கம். திடீர் வியர்வை, கை நடுக்கம், நெஞ்சு படபடப்பு, கடும் பசி, கண் மங்கல், தலை கிறுகிறுப்பு இவை அதன் அடையாளங்கள். பின்பு பேச்சுத் தடுமாறும், காரணமில்லாமல் கோபம் வரும், மயக்கமும் வலிப்பும் வரலாம். பார்ப்பவர்கள் "குடிச்சிருக்காரு" என்றோ "ஏதோ பிடிச்சிருக்கு" என்றோ நினைத்து விட்டுவிடக் கூடாது. சரிவில் நிற்பவரும் கவ்வாத்துக் கத்தி பிடித்தவரும் இப்படித் தடுமாறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

உடனே செய்ய வேண்டியது: மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை கொடுங்கள். தெளிந்ததும் ரொட்டியோ சோறோ சாப்பிட வையுங்கள். மயங்கிக் கிடப்பவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சடைத்துவிடும். ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். 1990 இலக்கத்துக்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். கிளிக்லசைட் போட்டவருக்குத் தெளிந்த பிறகும் சீனி மறுபடி இறங்கலாம். ஆகவே தெளிந்தாலும் அன்றே வைத்தியரிடம் காட்டுவது அவசியம்.

இந்த மாத்திரை போடுபவர் மலைக்குப் போகும்போது ஒரு சிறு பொட்டலம் சீனி மடியில் இருக்கட்டும். பக்கத்து நிரையில் கொழுந்தெடுப்பவருக்கும் கங்காணிக்கும் விஷயம் தெரிந்திருக்கட்டும். இதில் மறைக்க ஒன்றுமில்லை.

லயத்தில் கவனிக்க வேண்டியவை

1. பிள்ளைகள்: நமது காம்பராக்கள் சிறியவை, எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். கிளிக்லசைட் வகை மாத்திரை ஒன்றே ஒன்று போதும், சின்னப் பிள்ளையின் உயிருக்கு ஆபத்து வரலாம். மூடியுள்ள டின்னில் போட்டு உயரத்தில் வையுங்கள். அடுப்புக்கு மேலே வேண்டாம், சூடும் ஈரமும் மருந்தைக் கெடுக்கும். பிள்ளை விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

2. உறை: மாத்திரை உறையில் எழுதியிருப்பது நமக்குப் புரியாத மொழியில் இருந்தால் மருந்து கொடுக்கும் ஜன்னலிலேயே கேளுங்கள். வாசிக்கத் தெரியாதவருக்குக் காலை மாத்திரை உறையில் சூரியனும், இரவு மாத்திரை உறையில் நிலாவும் கீறிக் கொடுங்கள்.

3. கைமாற்று: "எனக்கும் சீனிதானே" என்று பக்கத்துக் காம்பராவில் மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். ஒருவருக்கு அளவானது மற்றவருக்குக் கூடிவிடும்.

4. மறந்த மாத்திரை: ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளைக்கு இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.

5. குடி: சாராயமும் கசிப்பும் இந்த மாத்திரைகளோடு சேரவே கூடாது. வெறும் வயிற்றில் குடித்தால் சீனி படுமோசமாக இறங்கும். மெட்போர்மின் போடுபவர் அதிகம் குடித்தால் இரத்தத்தில் அமிலம் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

6. வாந்தி, பேதி, கடும் காய்ச்சல்: சாப்பாடும் தண்ணீரும் வயிற்றில் நிற்காத நாளில் வழக்கம்போல மாத்திரையை விழுங்காமல், அன்றே டிஸ்பென்சரியில் அல்லது ஆஸ்பத்திரியில் கேளுங்கள்.

7. கைமருந்து: பாகற்காய்ச் சாறு, கொத்தலஹிம்புட்டு போன்றவையும் சீனியை இறக்கலாம். மாத்திரையோடு சேர்த்துப் பாவிப்பதாக இருந்தால் வைத்தியருக்குத் தெரிய வேண்டும். கருப்பட்டியும் பாணியும் சீனிதான், அவை மருந்தல்ல.

8. பரிசோதனை: மெட்போர்மின் போடுபவருக்குச் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று இரத்தத்தைப் பார்க்க வேண்டும். பல வருடம் போட்டவருக்குக் கால் விறைப்பும் சோர்வும் வந்தால் பி12 விட்டமின் குறைந்திருக்கலாம். கர்ப்பிணிகளும் பிள்ளை பெற நினைப்பவர்களும் கட்டாயம் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

பயந்து நிறுத்தவும் வேண்டாம்

இதையெல்லாம் வாசித்துவிட்டு, "அப்ப மாத்திரையே வேணாம்" என்று யாரும் நினைக்க வேண்டாம். கட்டுப்படாத சீனி சத்தமில்லாமல் கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் கெடுக்கும். "இப்ப ஒடம்பு நல்லாத்தானே இருக்கு" என்பது மாத்திரை வேலை செய்வதால்தான். கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் பேர் போய்விடும் என்ற கஷ்டம் நமக்கெல்லாம் தெரிந்ததே. ஆனால் ஒரு காலைப் பறிகொடுத்தவருக்குப் பிறகு மலையில் பேரே இல்லை. மாத்திரை முடிவதற்கு ஒரு கிழமைக்கு முன்பே எண்ணிப் பார்த்துக் கிளினிக் நாளைக் குறித்து வையுங்கள்.

நாளும் தவறாமல் போடுவோம், வெறும் வயிற்றில் போடாமலிருப்போம். இதை வாசிக்கத் தெரிந்தவர்கள் தங்கள் லயத்திலுள்ள வயதானவர்களுக்கும் வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம்.