பொம்மைக் காருக்குக் காது பொருத்துவோம்

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

கையில் ஒரு சிறு பெட்டியை வைத்துக்கொண்டு, தொடாமலே ஒரு பொம்மைக் காரை முன்னும் பின்னும் ஓட்டும் சிறுவர்களை நாம் பலமுறை பார்த்திருக்கிறோம். காருக்கும் பெட்டிக்கும் இடையே கயிறும் இல்லை, வயரும் இல்லை. ஆனாலும் கார் சொன்னபடி கேட்கிறது. அது எப்படிக் கேட்கிறது? அதன் காது எங்கே இருக்கிறது? சென்ற அறிவியல் கண்காட்சிக்காக என் அண்ணனின் பழைய காருக்கு ஒரு புதிய ரிசீவரும் ஏரியலும் பொருத்தும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அதில் நான் கற்றதையும், செய்த தவறு ஒன்றையும் தோழியர் அனைவரும் அறிய வேண்டும் என்ற ஆவலில் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

தோற்றம்

கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலைகள் காற்றுவெளியில் செல்கின்றன என்பதை ஜெர்மானிய விஞ்ஞானி ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் 1888-ஆம் ஆண்டளவில் சோதனை மூலம் மெய்ப்பித்தார். ஒரு வினாடியில் ஓர் அலை எத்தனை முறை அதிர்கிறது என்பதைச் சொல்லும் அலகுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். அதற்குப் பத்தே ஆண்டுகளில், 1898-இல், நிக்கோலா டெஸ்லா என்பவர் நியூயார்க் நகரின் மாடிசன் சதுக்க அரங்கில் ஒரு தொட்டித் தண்ணீரில் சிறிய படகை மிதக்கவிட்டு, தொலைவில் நின்றபடியே அதை இயக்கிக் காட்டினார். கூடியிருந்தவர்கள் வியந்து போனார்கள். இன்று நம் வீட்டுக் கூடத்தில் ஓடும் கார் அந்தப் படகின் வழித்தோன்றல்தான்.

காரின் உள்ளே

நம் கையில் இருக்கும் பெட்டிக்கு டிரான்ஸ்மிட்டர் என்று பெயர். நாம் சக்கரத்தைத் திருப்பினாலோ விசையை அழுத்தினாலோ, அது அச்செய்தியை வானொலி அலையாக மாற்றி அனுப்புகிறது. காரில் உள்ள ஏரியல் அந்த அலையைப் பிடித்து ரிசீவருக்குக் கொடுக்கிறது. ரிசீவர் அதைப் புரிந்துகொண்டு இரண்டு வேலைக்காரர்களுக்குக் கட்டளையிடுகிறது. முன் சக்கரங்களைத் திருப்பும் சர்வோ மோட்டார் ஒருவர். ஓட்டும் மோட்டாருக்கு எவ்வளவு மின்சாரம் செல்ல வேண்டும் என்று அளந்து கொடுக்கும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி மற்றவர்.

அக்கட்டளை மின்துடிப்பாகச் செல்கிறது. பொதுவாக வினாடிக்கு 50 துடிப்புகள். ஒவ்வொரு துடிப்பும் 1.5 மில்லி வினாடி நீடித்தால் சக்கரம் நேராக நிற்கும். 1 மில்லி வினாடியாகக் குறைந்தால் ஒரு பக்கமும், 2 மில்லி வினாடியாகக் கூடினால் மறுபக்கமும் திரும்பும். ஒரு வினாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் கார் உணர்ந்துகொள்கிறது என்றால் வியப்பாக இல்லையா?

ரிசீவரைப் பொருத்துதல்

முதலில் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். அடுத்து இடம் பார்க்க வேண்டும். ரிசீவர் சிறிய தீப்பெட்டி அளவே இருப்பதால் எங்கே வேண்டுமானாலும் செருகிவிடலாம் என்று தோன்றும். அது சரியன்று. ஓடும் மோட்டாரின் உள்ளே கார்பன் பிரஷ்கள் உராயும்போது சிறு தீப்பொறிகள் எழுகின்றன. அவையும் ஒருவகை வானொலி இரைச்சலே. இடி மின்னலின்போது ரேடியோவில் கரகரவென்று சத்தம் கேட்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆகவே மோட்டாருக்கும், அதற்குச் செல்லும் தடித்த வயர்களுக்கும், வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் எட்டத்தில் ரிசீவரை வைப்பது நல்லது. அந்த இரைச்சலை அடக்கவே பிரஷ் மோட்டார்களில் சிறு கெப்பாசிட்டர்களைப் பற்றவைத்திருக்கிறார்கள். அழகாக இல்லை என்று அவற்றைப் பிடுங்கிவிடக் கூடாது.

கார் குதித்து ஓடும்போது உள்ளே எல்லாம் அதிரும். ஆதலால் இருபுறமும் ஒட்டும் ஸ்பாஞ்சு டேப்பை இட்டு அதன் மேல் ரிசீவரை ஒட்ட வேண்டும். ஸ்பாஞ்சு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ஒட்டும் இடத்தில் எண்ணெயும் தூசியும் இல்லாமல் முன்னரே துடைத்துவிட வேண்டும். சில கார்களில் இதற்கென்றே மூடியுடன் கூடிய பிளாஸ்டிக் பெட்டி இருக்கும். அது இல்லாதவர்கள் ஈரம் படாமல் இருக்க ரிசீவரை ஒரு ரப்பர் பலூனுக்குள் நுழைத்து வாயைக் கட்டிவிடுவதும் உண்டு. என் அண்ணனின் பழைய ரிசீவர் மழைத்தண்ணீர் புகுந்துதான் பழுதாயிற்று.

இனி வயர்கள். ஒவ்வொரு இணைப்பிலும் மூன்று வயர்கள் இருக்கும். கறுப்பு அல்லது பழுப்பு நிறம் எதிர்மின். நடுவில் உள்ள சிவப்பு நேர்மின். வெள்ளை, மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறத்தில் உள்ள மூன்றாவது வயர்தான் கட்டளையைச் சுமந்து செல்வது. பெரும்பாலான கார்களில் 1 என்று எண்ணிட்ட இடத்தில் சர்வோவையும், 2 என்று எண்ணிட்ட இடத்தில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியையும் செருகுவார்கள். எந்தப் பக்கம் கறுப்பு வர வேண்டும் என்பதை ரிசீவரின் மேல் உள்ள குறியைப் பார்த்துச் செய்ய வேண்டும். ரிசீவருக்கு வேண்டிய 5 அல்லது 6 வோல்ட் மின்சாரத்தை வேகக் கட்டுப்பாட்டுக் கருவியே தந்துவிடும். கையேட்டில் அனுமதி இல்லாமல் காரின் பெரிய பேட்டரியை நேரடியாக ரிசீவரில் செருகக் கூடாது.

நான் செய்த தவறு

இதுவரை எல்லாவற்றையும் ஒழுங்காகவே செய்தேன். புதிய ரிசீவரிலிருந்து கறுப்பு நிறத்தில் மெல்லிய ஏரியல் வயர் ஒன்று நீண்டிருந்தது. அதன் நுனியில் ஒரு விரல் நீளத்துக்கும் குறைவான பகுதி மட்டும் மேலுறை இல்லாமல் மெலிந்து, எலி கடித்ததைப் போல் இருந்தது. “இது ஏதோ பழுதான முனை” என்று எண்ணி, கத்தரிக்கோலை எடுத்து அதை அழகாக வெட்டிவிட்டேன். கூடத்தில் கார் நன்றாகவே ஓடியது. நானும் மகிழ்ந்தேன்.

கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்பு பள்ளி மைதானத்தில் ஒத்திகை நடந்தது. கார் என்னிடமிருந்து இருபது அடி வைத்துப் போயிருக்கும். அதன் பிறகு என் பேச்சைக் கேட்கவில்லை. நிற்கவும் இல்லை, திரும்பவும் இல்லை. அதே வேகத்தில், வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளை நோக்கிப் பாய்ந்தது. நான் கத்திக்கொண்டே ஓடினேன். ஒரு பூந்தொட்டி குறுக்கே இருந்ததால் அதில் மோதிக் கவிழ்ந்தது. ஒரு குழந்தைக்கும் தொட்டிக்கும் ஒரு கை தூரம்தான் இருந்தது. அன்று என் கால்கள் நடுங்கியதை இன்றும் மறக்க முடியவில்லை.

“ரிசீவர் மட்டமானது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்” என்று டீச்சரிடமும் அப்பாவிடமும் சொன்னேன். மாலையில் அப்பா என்னைக் கடைக்கு அழைத்துச் சென்றார். கடைக்காரர் காரை வாங்கி, ஏரியல் வயரைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

“பாப்பா, இந்த நுனியை வெட்டினது யாரு?” என்று கேட்டார்.

“நான்தான் அண்ணாச்சி. பழுதாயிருந்தது” என்றேன்.

“பழுது இல்லம்மா. நீ வெட்டினதுதான் ஏரியலே” என்றார் அவர் சிரித்துக்கொண்டே. எனக்கு வெட்கத்தால் தலை நிமிரவில்லை. தவறு செய்தது நான். பழி சுமந்தது அவர். அப்பா ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். மறுநாள் டீச்சரிடமும் உண்மையைச் சொன்னேன்.

ஏரியலின் கணக்கு

அன்று கடைக்காரர் விளக்கியது நம் பாடப்புத்தகக் கணக்கேதான். அலையின் திசைவேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். வானொலி அலை வினாடிக்கு 30 கோடி மீட்டர் செல்கிறது. புதிய கார்களின் அலை வினாடிக்கு 240 கோடி முறை அதிர்கிறது. இதை 2.4 கிகாஹெர்ட்ஸ் என்பர். 30-ஐ 240-ஆல் வகுத்தால் 0.125 மீட்டர், அதாவது 12.5 சென்டிமீட்டர். அலைநீளத்தில் நான்கில் ஒரு பங்கு நீளமுள்ள கம்பி அந்த அலையை நன்றாகப் பிடிக்கும். அது ஏறத்தாழ 31 மில்லிமீட்டர். நான் வெட்டி எறிந்த நுனியின் நீளமும் அதுவே!

அந்த வயரின் நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி ஓர் உறை, அதன் மேல் பின்னிய கம்பி வலை, எல்லாவற்றுக்கும் மேலே கறுப்பு உறை என நான்கு அடுக்குகள் உண்டு. கம்பி வலை அலைகளை உள்ளே விடாமல் தடுத்துவிடும். ஆகையால் வலை இல்லாத அந்த 31 மில்லிமீட்டர் மட்டுமே காது. மீதி வயர் செய்தியைக் கொண்டு செல்லும் பாதை. கடைக்காரர் ஸ்கேலை வைத்து அளந்து, மீதியிருந்த வயரின் முனையில் 31 மில்லிமீட்டருக்கு மேலுறையையும் வலையையும் மட்டும் கவனமாக நீக்கினார். ஏரியலுக்கு மீண்டும் உயிர் வந்தது. இதற்கு அவர் காசு வாங்க மறுத்துவிட்டார்.

பழைய கார்களில் 27 மெகாஹெர்ட்ஸ் அலையைப் பயன்படுத்தினார்கள். அதன் அலைநீளம் 11 மீட்டருக்கும் மேல். நான்கில் ஒரு பங்கு என்றாலும் 2.75 மீட்டருக்கு மேல் வரும். அவ்வளவு உயரக் கம்பியைப் பொம்மைக் கார் தாங்குமா? ஆகவே அரை மீட்டர் அளவில் வயரை வைத்து, அதற்கேற்ப ரிசீவரின் உட்சுற்றைச் சரிசெய்திருப்பார்கள். நீளமாகத் தொங்குகிறதே என்று அதை வெட்டினாலும், சுருட்டிக் கட்டினாலும் அந்தப் பொருத்தம் கெட்டுவிடும். ஒரே மைதானத்தில் இரண்டு பேர் ஒரே அதிர்வெண்ணில் ஓட்டினால் ஒருவர் கட்டளையை மற்றவர் காரும் கேட்டுக் குழம்பும். புதிய முறையில் ஒவ்வொரு ரிசீவரும் தன் டிரான்ஸ்மிட்டரின் அடையாளத்தைப் பதிவு செய்துகொள்வதால் அக்குழப்பம் இல்லை.

ஏரியலை மெல்லிய பிளாஸ்டிக் குழாய்க்குள் நுழைத்துக் காரின் மேல் செங்குத்தாக நிறுத்த வேண்டும். நுனியை மடிக்கக் கூடாது. அலுமினியம், கார்பன் இழைத் தகடு இவற்றின் அருகே படுக்க வைக்கவும் கூடாது. நிற்கும் ஏரியல் சுற்றுப்புறம் எங்கும் நன்றாகக் கேட்கும். அதன் நுனி நோக்கும் திசையில்தான் மந்தமாகக் கேட்கும். டிரான்ஸ்மிட்டரின் ஏரியலும் அப்படியே. எனவே அதைத் துப்பாக்கி போல் காரை நோக்கி நீட்டக் கூடாது.

சோதனை

நான் செய்யாமல் விட்ட இன்னொரு வேலையும் உண்டு. அலை அறுந்து போனால் காரை நிறுத்தும்படி ரிசீவருக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கும் வசதி அது. அதை அமைத்திருந்தால் கார் குழந்தைகள் பக்கம் ஓடியிருக்காது. அதைச் சரிபார்க்கும் வழி எளிது. சக்கரங்கள் தரையில் படாதபடி காரை ஒரு செங்கல்லின் மேல் ஏற்றி வைத்து, சக்கரங்கள் மெதுவாகச் சுழலும்போது டிரான்ஸ்மிட்டரை அணைக்க வேண்டும். சக்கரங்கள் உடனே நின்றால் காரை இறக்கலாம். நிற்காவிட்டால் இறக்கக் கூடாது. அதன் பிறகு கார் செங்கல்லின் மேலேயே இருக்க, ஒரு தோழியைக் கார் அருகில் நிறுத்திவிட்டு, நாம் டிரான்ஸ்மிட்டருடன் மைதானத்தின் மறுமுனை வரை நடந்து, ஒவ்வோரிடத்திலும் சக்கரம் திரும்புகிறதா என்று கேட்டறிய வேண்டும். எப்போதும் முதலில் டிரான்ஸ்மிட்டர், பிறகு கார் என்ற வரிசையில் போட வேண்டும். அணைக்கும்போது முதலில் கார், கடைசியில் டிரான்ஸ்மிட்டர்.

முடிவுரை

கண்காட்சியன்று எங்கள் கார் மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை சொன்னபடி ஓடியது. அன்று பயந்து அழுத அந்த ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் கையில் டிரான்ஸ்மிட்டரைக் கொடுத்து ஓட்டச் செய்தேன். அது சிரித்தபோதுதான் என் மனப்பாரம் இறங்கியது. தோழியரே, ஒரு கருவியில் நமக்கு வேண்டாததாகத் தோன்றும் பகுதி எதற்காக இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் வரை கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். நாம் செய்த வேலை சரியாக நடக்காதபோது, பிறரைக் குறை கூறும் முன் நம் கைவேலையை ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.