கடைப் பூனையும் நாமும்

நெகிரி செம்பிலானில் நம்மவர் தோட்டக் கடைகளில் பூனை புதிதல்ல. அரிசி மூட்டை இருக்குமிடத்தில் எலி வரும். எண்ணெய் டின்னில் எலி விழுந்து செத்தால் அந்த எண்ணெய் முழுவதும் நஜீஸ். உறைந்த நெய்யானால் எலியையும் அதைச் சுற்றியுள்ளதையும் எடுத்தெறிந்துவிட்டு மீதியை உண்ணலாம் என்பது புகாரியில் வரும் ஹதீது. ஆகவே பூனை நமக்குக் காவலாளி. ஆனால் அடுத்த கம்பத்து மலாய்ச் சகோதரர் வீட்டில் அது பாயிலேயே படுத்துறங்குவதைப் பார்த்து நம்மில் சிலர் முகஞ்சுளிக்கிறார்கள்.

அபூகதாதா (ரலி) அவர்களுக்கு மருமகள் கப்ஷா ஒளுவுக்குத் தண்ணீர் வைத்தபோது பூனையொன்று வந்தது. அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்துக் குடிக்க விட்டார்கள். மருமகள் வியந்து பார்க்கவே, பூனை நஜீஸல்ல, வீட்டில் நம்மைச் சுற்றித் திரிகிறவற்றில் ஒன்று என நாயகம் (ஸல்) சொன்னதை எடுத்துரைத்தார்கள். ஹனபிகளுக்கு, வேறு நீர் இருக்கையில், பூனை வாய் வைத்த நீர் மக்ரூஹ். ஷாபிஈக்களுக்குச் சுத்தமே. எலியைத் தின்ற வாயோடு உடனே சொற்ப நீரில் வாய் வைத்தால் மட்டும் ஆகாது. உதிர்ந்த முடி ஷாபிஈ மத்ஹபில் நஜீஸ்தான்; சொற்பமானால் மன்னிப்புண்டு. தொழுகைப் பாயைச் சுருட்டி வைத்தால் போதும், பூனையை அடிக்க வேண்டியதில்லை.

பூனை குறுக்கே போனால் கடை திறக்காமல் திரும்பி வந்து உட்காருகிறவரும் நம்மில் உண்டு. சகுனம் பார்ப்பது மார்க்கத்தில் இல்லை என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறோம்.

குட்டிகளைச் சாக்கில் கட்டிச் செம்பனைக் காட்டில் விட்டு வருவதுதான் பெரிய விஷயம். பூனையைக் கட்டிப்போட்டு, உணவும் தராமல், தானாக இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண் நரகம் புகுந்த ஹதீதை நாம் கேட்டிருக்கிறோம். “நாங்கள் கட்டிப்போடவில்லை, அவிழ்த்துத்தானே விட்டோம்” என்கிறார்கள். கண் திறவாத குட்டி எப்படி இரை தேடும்? அவிழ்த்து விட்டாலும் கட்டிப் போட்டதும் ஒன்றே. இந்நாட்டில் 2015-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டமும் இருக்கிறது.

பால் மறந்த பின் கேட்பவர்க்குக் கொடுக்கலாம். விலை வாங்கலாமா? பூனை விலையைத் தடுக்கும் அறிவிப்பு முஸ்லிமில் உண்டு. ஆயினும், பயனுள்ள பூனையை விற்பது ஷாபிஈ மத்ஹபில் கூடும் என்று இமாம் நவவி விளக்குகிறார்கள். நாம் இனாமாகக் கொடுப்பதையே விரும்புகிறோம்.