சுரங்க நீரும் படிவுக் குளமும்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெட்டியெடுக்கப்பட்டு வருகிறது. அங்கிருந்து இறைக்கப்படும் நீர் வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி ஆகியவற்றின் பாசனத்திற்கு உதவி வருகிறது. ஆயினும் திறந்தவெளிச் சுரங்கத்தில் பெய்யும் மழை மண்ணையும் சுமந்து வரும். அம்மண் ஏரியில் தங்கினால் கொள்ளளவு குறையும். கடைமடை வயல்கள் காயும். ஆகவே சுரங்க எல்லைக்குள்ளேயே படிவுக் குளம் அமைத்தல் இன்றியமையாதது.

குளத்தை ஆழமாக வெட்டினாற் போதும் என எண்ணுதல் தவறு. ஆழம், படிந்த மண் தங்குவதற்கே. துகளைப் படியச் செய்வது பெரிதும் நீர்ப்பரப்பேயாகும். விநாடிக்கு 100 லிட்டர் நீர் வருவதாகக் கொள்வோம். 0.02 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள வண்டல் துகள், அசைவற்ற நீரில் விநாடிக்கு ஏறத்தாழ 0.36 மில்லிமீட்டர் கீழிறங்கும். நீரளவை இவ்வேகத்தால் வகுக்க, சுமார் 280 சதுர மீட்டர் பரப்பு கிடைக்கும். குளத்து நீர் சலனமுடையதாகையால் இதனினும் கூடுதலாக அமைக்க வேண்டும். துகளின் குறுக்களவு பாதியானால், பரப்பு நான்கு மடங்காக வேண்டும். மிக நுண்ணிய களிமண் எளிதில் படியாது. அதற்குப் படிகாரம் போன்றவை தேவைப்படும்.

நீர் நுழையும் வாயும் கலிங்கும் எதிரெதிர் முனைகளில் இருத்தல் நலம். குளத்தில் அளவுகோல் நட்டு, படிவுக்கென ஒதுக்கிய ஆழத்தில் பாதி நிரம்பியதும் தூர் வாருக. ஐப்பசி மழைக்கு முன்னர் இப்பணி முடிதல் வேண்டும். வாரிய மண்ணைக் கரையிலேயே குவித்தால், அது அடுத்த மழையில் குளத்திற்கே திரும்பிவிடும்.