தமிழ்வழிப் பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் பேசும்போது

அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் பலர் பொறியியல் முதலாண்டுக்கு வருகிறார்கள். 2021 முதல் அவர்களுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடும் இருக்கிறது. கணக்கில் கெட்டிக்காரர்கள்கூட நம் ஆங்கிலத்தில் தடுக்கி நிற்கிறார்கள். பாடம் எடுப்பவர்கள் இதைச் செய்து பாருங்கள்.

முதலில், எது எளிய சொல் என்பதை மாற்றி யோசியுங்கள். ஒருமுறை ரெக்கார்டு நோட்டை 'ஹேண்ட் இன்' பண்ணச் சொன்னேன். ஒரு மாணவன் நோட்டைக் கையில் பிடித்தபடி என் மேசை அருகே நின்றுகொண்டே இருந்தான். 'ஹேண்ட்' தெரியும், 'இன்' தெரியும். இரண்டும் சேர்ந்தால் வரும் பொருள்தான் தெரியாது. 'சப்மிட்' என்றிருந்தால் உடனே வைத்திருப்பான். 'புட் ஆஃப்' புரியாதவர்களுக்கும் 'போஸ்ட்போன்' புரியும். நம் பேச்சுத் தமிழிலேயே அது புழங்குகிறது. ஆஃப், அப், அவுட் ஒட்டிவரும் வினைச்சொற்களை ஒரு வாரம் கவனித்து மாற்றுங்கள்.

எதிர்மறையில் கேள்வி கேட்காதீர்கள். "கொண்டுவரலையா?" என்றால் தமிழில் "ஆமா சார், கொண்டுவரல" என்போம். ஆங்கிலத்தில் கேட்டாலும் அதே பழக்கத்தில் 'எஸ் சார்' என்பார்கள். அங்கே அதற்குக் 'கொண்டுவந்தேன்' என்று பொருள். இதனால் பொய்யன் என்று திட்டு வாங்கிய பிள்ளைகள் உண்டு.

ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் கடைசி பெஞ்சில் ஒன்றுபோல்தான் கேட்கும். 15 ஓம் என்பதை 'ஒன் ஃபைவ்' என்று சொல்லி, போர்டிலும் எழுதிவிடுங்கள்.

வாக்கியத்துக்கு ஒரு செய்தி போதும். 'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா' வானொலி ஆங்கிலம் கற்பவர்களுக்காக 1959-இல் தொடங்கிய 'ஸ்பெஷல் இங்கிலீஷ்' நிகழ்ச்சியில் சுமார் 1,500 சொற்கள், சிறு வாக்கியங்கள், நிதானமான வேகம். உலகச் செய்தியையே அதற்குள் சொல்ல முடிந்தது. நம் பாடத்தையும் சொல்லலாம்.

புரிந்ததா என்று கேட்டால் வகுப்பே 'எஸ் சார்' சொல்லும். 'எந்த வயரை முதலில் இணைப்பாய்?' என்று கேளுங்கள். கேட்டபின் பொறுத்திருங்கள். தமிழில் யோசித்ததை ஆங்கிலத்துக்குக் கொண்டுவர நேரம் பிடிக்கும். நாமே வாக்கியத்தை முடித்துவைத்தால், நடுவில் இலக்கணத்தைத் திருத்தினால், அந்தப் பிள்ளை அடுத்த முறை வாய் திறக்கத் தயங்கும்.

லேபில் கரண்ட் பற்றிய எச்சரிக்கை என்றால் மட்டும் ஆங்கிலப் பயிற்சி அப்புறம். முதலில் தமிழில் சொல்லிவிடுங்கள்.