முதுகு தேய்ந்தால் முடங்க வேண்டுமா?

மூணாறில் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே லயத்து வீட்டில் ஒரு பெரியம்மா இருக்கிறார். வயது 52. முப்பது வருடமாகக் கொழுந்து பறிக்கிறார்.

ஒரு நாள் கொழுந்து மூட்டையைத் தூக்கினார். இடுப்பில் சுளீர் என்று வலித்தது. நான்கு நாள் படுத்தே கிடந்தார். வலி குறையவில்லை. நான்கு நாள் கூலியும் போயிற்று.

“முதுகெலும்பு தேய்ந்துவிட்டது. இனி வேலை செய்ய முடியாது” என்றார்கள் பக்கத்து வீட்டார். பெரியம்மா பயந்துபோனார். வேலை போனால் லயத்து வீடும் போகுமே!

மகள் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டரம்மா சோதித்துப் பார்த்தார். பிறகு சொன்னார்:

“முதுகெலும்பு ஒரே எலும்பு அல்ல, அம்மா. சின்னச் சின்ன எலும்புகளின் அடுக்கு. எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல ஜவ்வு இருக்கிறது. அதுதான் டிஸ்க். மொத்தம் 23 டிஸ்குகள். இளம் வயதில் டிஸ்கில் நீர் நிறைய இருக்கும். வயது ஏற ஏற நீர் குறையும். டிஸ்க் தட்டையாகும். தலை நரைப்பது போலத்தான் இதுவும். டிஸ்க் தேய்ந்த பலருக்கு வலியே இருப்பதில்லை.”

“என் வலி குறையுமா, டாக்டரம்மா?”

“பெரும்பாலும் சில வாரங்களில் குறைந்துவிடும். ஆனால் படுத்தே இருக்காதீர்கள். தசை பலம் இழந்துவிடும். மெதுவாக நடமாடுங்கள்.”

டாக்டரம்மா சொன்ன வழிகள்:

1. தினமும் நடக்க வேண்டும்.
2. முழங்காலை மடக்கிச் சுமையைத் தூக்க வேண்டும். சுமை உடம்பை ஒட்டி இருக்க வேண்டும்.
3. பெரிய மூட்டையை இரண்டாகப் பிரிக்க வேண்டும்.
4. வெகுநேரம் குனிந்தே இருக்கக் கூடாது. அடிக்கடி நிமிர வேண்டும்.
5. பீடி, சிகரெட் கூடாது. அவை டிஸ்கையும் கெடுக்கும்.

இவை ஆபத்தின் அறிகுறிகள்:

கால் பலம் இழப்பது. தொடை இடுக்கு மரத்துப்போவது. சிறுநீர், மலத்தை அடக்க முடியாமல் போவது. சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது.

இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரவானாலும் காத்திருக்கக் கூடாது.

பெரியம்மா முதலில் லயத்து வாசலில் நடந்தார். பிறகு கடை வரை நடந்தார். மூன்று வாரம் கழித்து வேலைக்குப் போனார். இப்போது கொழுந்தைச் சின்ன மூட்டைகளாகக் கட்டுகிறார். சில நாள் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் பயம் இல்லை.

பேசிப் பார்ப்போம்:

1. பெரியம்மா ஏன் பயந்தார்?
2. உங்கள் வேலையில் முதுகுக்குச் சிரமம் தருவது எது? அதை எப்படிக் குறைக்கலாம்?
3. எந்த அறிகுறி இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போவீர்கள்?