மூட்டு மாத்தின தாத்தா மறுபடியும் பெத்தாங்க் ஆடலாமா?

முதல் வருஷம் மெக்கானிக்ஸ் பேப்பர்ல ஏணி கணக்கு போட்டிருப்பீங்க. ஏணி சுவத்துல சாஞ்சிருக்கும், ஒரு ஆள் ஏறுவான், எப்போ வழுக்கும்னு கேப்பாங்க. ஏறுற ஆளோட இடுப்புக்கும் முட்டிக்கும் என்ன ஆகுதுன்னு யாரும் கேட்டதில்லை. இந்தப் பாடத்தில் அதைத்தான் பார்க்கப் போறோம். கணக்கு ஈசி, ஆனா உங்க வீட்டுப் பெரியவங்க ஒருத்தரோட சாயங்காலம் அதுல அடங்கியிருக்கு.

புதுச்சேரிக்காரங்களுக்குப் பெத்தாங்க் தெரியும். வெளியூர்ல இருந்து ஹாஸ்டலுக்கு வந்தவங்களுக்காகச் சொல்றேன்: தரையில் ஒரு சின்ன வட்டம் போட்டு, அதுக்குள்ளே நின்னு, 6-லிருந்து 10 மீட்டர் தூரத்தில் கிடக்கும் மரக்குண்டுக்குப் பக்கத்தில் போய் நிக்கிற மாதிரி இரும்பு உருண்டையை வீசணும். மரக்குண்டுக்குப் பேர் கொஷொனே, உருண்டைக்குப் பேர் பூல். 13 பாயிண்ட் எடுத்தவங்க ஜெயிச்சாங்க. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சொல்தா தாத்தாக்கள் தலைமுறையில் ஊன்றிப்போன ஆட்டம் இது. 1954-ல் ஆட்சி கை மாறி, 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியும் பிரெஞ்சுக்காரங்க விட்டுட்டுப் போனாங்க. பூல் சத்தம் போகலை.

ஆடுறவங்கள்ல நிறைய பேர் மூட்டு தேயுற வயசுக்காரங்க. முட்டியோ இடுப்போ மாத்தி வீட்டுக்கு வந்ததும் குடும்பமே சேர்ந்து சொல்றது ஒண்ணுதான்: "இனிமே அந்த இரும்பைத் தொடவே கூடாது." அன்பில்தான் சொல்றாங்க. ஆனா கணக்கு வேற மாதிரி சொல்லுது.

வேடிக்கை என்னன்னா, இந்த ஆட்டம் பிறந்ததே ஒரு மூட்டு வலியில்தான். தெற்கு பிரான்ஸில் லா சியோத்தான்னு ஒரு துறைமுக ஊர். அங்கே முன்னாடி ஆடின ஆட்டத்தில் ரெண்டு மூணு எட்டு ஓடி வந்து, 15 மீட்டருக்கும் மேல வீசணும். ஜூல் லெநுவார்னு ஒரு நல்ல ஆட்டக்காரருக்கு முடக்குவாதம் வந்து ஓட முடியாமப் போச்சு. ஓரமா உக்காந்து வேடிக்கை பார்த்தவருக்காக, 1910 வாக்கில், நண்பர் பித்தியோ விதியையே மாத்தினார்: ஓட வேண்டாம், தூரத்தைக் குறைச்சுக்கலாம், ரெண்டு காலையும் ஊன்றி நின்னபடியே வீசலாம். பெத்தாங்க் என்ற பேருக்கே ‘ஊன்றிய கால்’ என்றுதான் அர்த்தம். ஆளுக்குத் தகுந்த மாதிரி டிசைனை மாத்துறதைப் பத்தி நாம செமினார் எடுக்கிறோம். அந்த ஊர்ல நூறு வருஷம் முன்னாடியே செஞ்சு முடிச்சுட்டாங்க.

இதைக் கோல்ஃபோட ஒப்பிட்டுப் பாருங்க. மூட்டு மாத்திட்டு விளையாட வர்றதைப் பத்தி உலகத்தில் பேச்சு வந்தா முதல்ல வர்ற பேரு டாம் வாட்சன். 2008 அக்டோபரில் இடுப்பு மூட்டை மாத்தினார். ஒன்பது மாசம் கழிச்சு, 2009 ஜூலையில், 59 வயசில், டர்ன்பெரியில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பனில் கோப்பையைத் தொடுற தூரம் வரை வந்து, பிளே-ஆஃபில் ஸ்டூவர்ட் சிங்க்கிட்ட தோத்தார். இத்தனைக்கும் கோல்ஃப் மூட்டுக்கு லேசான ஆட்டம் இல்லை. சென்சார் வச்ச செயற்கை முட்டியைப் பொருத்தியே அளந்திருக்காங்க: சாதாரணமா நடக்கும்போது முட்டியில் உடல் எடையைப் போல ரெண்டரை மடங்கு சுமை விழுது. கோல்ஃப் மட்டையைச் சுழற்றும்போது முன்கால் முட்டியில் நாலு மடங்குக்கும் மேல. பாதம் தரையில் நிக்க, உடம்பு மட்டும் திரும்புறதால் முறுக்கும் சேர்ந்துக்குது. பெத்தாங்க்ல அந்த முறுக்கு கிடையாது. பூல் தரையில் விழுற வரைக்கும் காலைத் தூக்கக் கூடாதுங்கிறது விதி. எடையும் 650-லிருந்து 800 கிராம்தான்.

அப்போ நடக்கிறதுக்கே ஏன் ரெண்டரை மடங்கு? இங்கேதான் நம்ம கணக்கு வருது. இடுப்பு மூட்டை எடுத்துக்குவோம். 70 கிலோ தாத்தா ஒரு காலில் நிக்கிறார் (நடக்கும்போது ஒவ்வொரு எட்டிலும் நாம ஒரு காலில்தானே நிக்கிறோம்). ஊன்றிய காலைக் கழிச்சா மூட்டுக்கு மேல இருக்கிறது சுமார் 58 கிலோ. அதன் ஈர்ப்பு மையம் மூட்டிலிருந்து உள்பக்கமா ஏறக்குறைய 10 செ.மீ. இடுப்பு சரியாம இழுத்துப் பிடிக்கிற தசை வெளிப்பக்கம் 5 செ.மீ. தூரத்தில்தான் இருக்கு. மொமெண்ட் எடுங்க: 58 × 10 = 580. அதை 5-ஆல் வகுத்தா தசை இழுக்க வேண்டியது 116 கிலோ. மூட்டில் விழுறது 116 + 58 = 174 கிலோ. 70-ஐப் போல ரெண்டரை மடங்கு, சரியா வந்துருச்சா?

இப்போ எதிர்ப்பக்கக் கையில் ஒரு கைத்தடி கொடுங்க. மூட்டிலிருந்து 40 செ.மீ. தள்ளி 10 கிலோ அளவுக்கு அழுத்தினாப் போதும். 580-ல் 400 போச்சு, மிச்சம் 180. தசைக்கு 36 கிலோதான் வேலை. மூட்டில் 36 + 58 − 10 = 84 கிலோ. பத்து கிலோ அழுத்தத்துக்குச் சுமை பாதிக்கும் கீழே போயிடுச்சு. வலிக்கிற பக்கமே தடியைப் பிடிச்சா? டயகிராமில் அம்புக்குறியை நீங்களே போட்டுப் பாருங்க, தடி தர்ற மொமெண்ட் குறைக்கிறதுக்குப் பதிலாக் கூட்டிவிடும். ஆபரேஷன் ஆன பக்கமே தடி பிடிக்கிறவங்களை நிறைய பார்க்கலாம். வீட்டில் இருந்தா இன்னைக்கே மாத்திக் கொடுங்க.

"ஆடினா உள்ளே வச்சது தேஞ்சிடுமே" என்ற பயமும் உண்டு. அதுக்கும் ஒரு கதை இருக்கு. இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி முதலில் இடுப்புக் குழிக்கு டெஃப்லான் வச்சார். வழுக்கல் பிரமாதம், ஆனா சில வருஷத்திலேயே தேஞ்சு போச்சு. 1962 நவம்பரில் அதிக மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீனுக்கு மாறினார். இன்னைக்கும் அந்தக் குடும்பப் பிளாஸ்டிக்தான் ஓடுது, மேலே கோபால்ட்-குரோமியமோ செராமிக்கோ. ஆயுள் எவ்வளவு? 2019-ல் லான்செட் இதழில் வந்த பெரிய தொகுப்பின்படி, முழு முட்டி மாற்றில் சுமார் 82 சதவீதமும், இடுப்பு மாற்றில் சுமார் 58 சதவீதமும் 25 வருஷம் தாங்குது. எழுபது வயசில் வச்சுக்கிட்டவர் அதை ஷோகேஸில் வச்ச மாதிரி காப்பாத்த வேண்டியதில்லை.

நிஜமான ஆபத்து ஆட்டத்தில் இல்லை, அதுக்கு முந்தைய மூணு மாசத்தில் இருக்கு. குறிப்பா முட்டியில். "வலிக்குது, விடுங்க, ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று வீட்டில் இரக்கப்பட்டா, உள்ளே தழும்புத் திசு இறுகி முட்டி மடங்காமப் போகும். அப்புறம் மயக்கம் கொடுத்து டாக்டரே மடக்கி விடுற நிலை வரும். அதையும் ரொம்பத் தள்ளிப் போட முடியாது. அதனால்தான் ஆபரேஷன் ஆன அன்னைக்கோ மறுநாளோ வாக்கர் கொடுத்து நிக்க வைக்கிறாங்க. குதிகாலைப் படுக்கையில் இழுத்து மடக்கணும். முட்டியைக் கீழே அழுத்தி அஞ்சு விநாடி தொடைத் தசையை இறுக்கணும். இதெல்லாம் பார்க்கச் சின்னப் பிள்ளை வேலை மாதிரி இருக்கும், தாத்தாவும் சலிச்சுக்குவார். பக்கத்தில் உக்காந்து எண்ணிக்கை சொல்ல ஒரு ஆள் வேணும், அது நீங்க. இன்னொண்ணு, பாசத்தில் முட்டிக்கு அடியில் தலையணை வைக்காதீங்க. மடங்கிய நிலையிலேயே பழகி, நேரா நீட்ட வராது.

இடுப்புக்கு விஷயமே தலைகீழ். பின்பக்கமாத் திறந்து செய்த ஆபரேஷன்னா, முதல் 6-லிருந்து 12 வாரம் வரை இடுப்பை 90 டிகிரிக்கு மேல மடக்கக் கூடாது, கால் மேல கால் போடக் கூடாது, பாதத்தை உள்பக்கம் திருப்பக் கூடாது. மீறினா பந்து கிண்ணத்தை விட்டு வெளியே வந்துடும். அதனால் தாழ்வான நாற்காலி, தரையில் சம்மணம், இந்தியன் டாய்லெட் எல்லாம் ஓரம் கட்டணும். முட்டிக்கு "மடக்கு, மடக்கு", இடுப்புக்கு "மடக்காதே". பக்கத்து வீட்டுல யாருக்கோ சொன்னதை நம்ம வீட்டுக்குப் பொருத்தினா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

திரும்ப ஆடுறதைப் பத்தி டாக்டர்கிட்டயும் ஃபிசியோகிட்டயும் "நடக்கலாமா" என்று மட்டும் கேட்டுட்டு வந்துடாதீங்க. பையில் ஒரு பூலைக் கொண்டுபோய்க் காட்டுங்க. எப்படி நிப்பார், எப்படி வீசுவார், தரை எப்படி மேடு பள்ளமா இருக்கும்னு சொன்னாத்தான் அதுக்குத் தகுந்த பயிற்சி கொடுப்பாங்க. பெத்தாங்க் வட்டத்தின் விட்டம் 35-லிருந்து 50 செ.மீ.தான். ரெண்டு பாதமும் அதுக்குள்ளே இருக்கும்போது தாங்குதளம் ரொம்பக் குறுகல், அதனால் சமநிலைதான் முதல் பாடம். ஃபிசியோ சரின்னு சொன்னதும் மொட்டை மாடியில் சாக்பீஸால் 50 செ.மீ. வட்டம் போடுங்க. பக்கத்தில் பிடிச்சுக்க ஒரு கனமான நாற்காலி, கையில் அரை லிட்டர் தண்ணி பாட்டில், வீசுற மாதிரி கையை மட்டும் ஆட்டச் சொல்லுங்க. பெரும்பாலும் மூணு மாசம் வாக்கில் டாக்டர் மைதானத்துக்கு அனுமதி தருவார். குத்தவச்சு வீசிப் பழகினவர் இனிமே நின்னுதான் வீசணும். கொஞ்ச நாள் குறி தப்பும், கோபம் வரும், கண்டுக்காதீங்க.

வீசுறதைவிட எடுக்கிறதுதான் கஷ்டம். இரட்டையர் ஆட்டத்தில் ஒருத்தருக்கு மூணு பூல். பத்து சுற்று போனா முப்பது தடவை குனியணும். இதுக்கு உலகம் பூரா ஆட்டக்காரங்க வச்சிருக்கிற தீர்வு ஒரு கயித்துல கட்டின காந்தம். நின்னபடியே இறக்கி, டக்குனு ஒட்ட வச்சு, மேலே இழுத்துக்கலாம். ஒர்க்‌ஷாப்பில் அரை மணி நேர வேலை. 800 கிராமைத் தூக்கினாப் போதாது; வளைஞ்ச பரப்பு, மேல மண் ஒட்டியிருக்கும், அதனால் மூணு நாலு மடங்கு தாங்குற காந்தமா எடுங்க. செய்றதுக்கு முன்னாடி தாத்தாவோட பூலில் ஒரு தடவை ஒட்டிப் பார்த்துக்குங்க, எல்லா ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் காந்தத்துக்கு ஒட்டாது.